எதை இருட்டிலேயே விடுவது?



பொழுது சாய்ந்த பிறகு புல்வெளியில் விளையாடுவதற்கான ஒளிரும் கருவிகள் என்று இன்றைய தலைப்பை அறிவித்ததும் முன்வரிசையில் சிலர் சிரித்தார்கள். சிரிக்க வேண்டியதுதான். கடையில் பார்த்தால் அது பொம்மைச் சமாச்சாரம். பந்துக்குள் ஒரு சிறு விளக்கு, மேலே ஒரு பொத்தான், பெட்டியில் இருட்டுப் படம் ஒன்று, அவ்வளவுதான். வாங்கிப் போய் ஆடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பாதிக்குமேல் பத்து நிமிடத்தில் சலித்துவிடும். வெளிச்சம் குறைவு என்று குறை சொல்வார்கள். பெரும்பாலும் உண்மை நேர்மாறு. வெளிச்சம் அதிகம், அதுவும் தவறான இடத்தில்.

இரவில் விளையாட இரண்டு வழி உண்டு. ஒன்று, களத்துக்கு விளக்குப் போடுவது. அல்டிமேட் என்ற ஃபிரிஸ்பீ ஆட்டம் 1968-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் கொலம்பியா உயர்நிலைப் பள்ளியில் பிறந்தது. மாணவர்கள் மாலையில் அதை ஆடியது பள்ளியின் வாகன நிறுத்துமிடத்தில், பாதரச ஆவி விளக்குகளின் கீழே. நம் ஊர்களில் இரவுக் கபடிப் போட்டிக்கும் தெருமுனை இறகுப்பந்துக்கும் டியூப்லைட் கட்டுகிறோமே, அதே வழி. இதில் வடிவமைப்பாளருக்கு வேலை குறைவு. களம், கோடு, எதிராளி, பந்து எல்லாமே தெரியும்.

இரண்டாவது வழியில் களம் இருட்டாகவே இருக்கும், பொருள் மட்டும் ஒளிரும். அங்கே நீங்கள் காட்டுவது மட்டுமே ஆட்டக்காரருக்கு உலகம். மற்றதெல்லாம் இல்லை என்றே பொருள். அதனால்தான் எதை ஒளிரவைப்பது என்பதைவிட எதை இருட்டிலேயே விடுவது என்பது கடினமான கேள்வி ஆகிறது. இன்றைக்கு என் பேச்சு முழுக்க அதைப் பற்றித்தான்.

முதலில் கண். விழித்திரையில் இரண்டு வகைச் செல்கள் இருப்பதைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். கூம்பு செல்கள் பகலுக்கு, நிறத்துக்கு, நுணுக்கத்துக்கு. குச்சி செல்கள் இருட்டுக்கு. கூம்புகள் ஏறக்குறைய 555 நானோமீட்டர் ஒளிக்கு, அதாவது மஞ்சள் கலந்த பச்சைக்கு, மிகவும் கூர்மையாக இருக்கும். குச்சிகள் 507 நானோமீட்டர் அளவில், நீலம் கலந்த பச்சைக்கு. அந்தி சாயும்போது செம்பருத்தி கறுத்துப் போய், இலை மட்டும் வெளிறித் தெரிவது இதனால்தான். இந்த மாற்றத்துக்கு, 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அதை எழுதிவைத்த செக் நாட்டு அறிவியலாளர் புர்கின்யேயின் பெயர்தான் வைக்கப்பட்டிருக்கிறது.

குச்சிகள் முழுத் திறனுக்கு வர 20 முதல் 30 நிமிடம் இருட்டு வேண்டும். அதைக் கெடுக்க ஒரு நொடி போதும். யாராவது கைப்பேசியைத் திறந்து ஸ்கோர் குறித்தால், சுற்றி நிற்கும் எல்லோருக்கும் அந்த அரைமணி நேரம் வீண். நம் நிலப்பகுதிக்கு இன்னொரு சிக்கல் உண்டு. சென்னையில் சூரியன் மறைந்த பின் அந்தி வெளிச்சம் 20 முதல் 25 நிமிடம்தான். லண்டனில் ஜூன் மாதத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்கு. வடக்கே கண் மெல்ல மெல்லப் பழகும். இங்கே இருட்டு திடுதிப்பென்று வந்து நிற்கும்.

இன்னொன்று முக்கியம். பார்வையின் நட்டநடுவில், நாம் ஒன்றை உற்றுப் பார்க்கும் அந்தப் புள்ளியில், குச்சி செல்களே கிடையாது. மங்கலான நட்சத்திரத்தை நேராகப் பார்த்தால் மறைந்துவிடும், சற்றுத் தள்ளிப் பார்த்தால் தெரியும். வானம் பார்ப்பவர்களுக்கு இது அரிச்சுவடி. விளையாட்டுச் சாமான் செய்பவர்களில் பலர் இதை யோசிப்பதே இல்லை. பந்தை ஆட்டக்காரர் நேராகத்தான் பார்ப்பார். ஆகவே பந்தின் ஒளி, கூம்புகள் விழித்துக்கொள்ளும் அளவுக்காவது இருக்க வேண்டும். எல்லைக்கோட்டை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை, கடைக்கண்ணில்தான் அது விழும். அதற்கு மிக மங்கலான ஒளி போதும், பச்சையாக இருந்தால் நல்லது. ஸ்கோர் பலகைக்கு அடர் சிவப்பு. குச்சிகள் அந்தச் சிவப்பைக் கண்டுகொள்வதே இல்லை, எனவே இருட்டுக்குப் பழகிய கண் கெடாது. பந்து, கோடு, பலகை மூன்றையும் ஒரே நீல எல்.இ.டி.யால் நிரப்பி விற்கிற பெட்டிகளைப் பார்க்கும்போது எனக்குக் கோபம்கூட வரும்.

இப்போது அரங்க விளக்குகளை ஒரு நிமிடம் அணைக்கச் சொல்கிறேன்.

[விளக்குகள் அணைக்கப்பட்டன]

என் கையில் ஒரே ஒரு சிறு எல்.இ.டி. இருக்கிறது. மேசைமேல் வைத்துவிட்டேன், இனி அதைத் தொடவில்லை. அதையே பாருங்கள். சற்று நேரத்தில் அது நகர்வதுபோல் சிலருக்குத் தோன்றும். ஆமாம், அங்கே ஒருவர் தலையாட்டுகிறார். அது நகரவில்லை. இருட்டில் தனித்து நிற்கும் ஒற்றைப் புள்ளிக்குச் சுற்றிலும் ஆதாரம் இல்லாததால் கண் ஏமாறுகிறது. இரவில் பறக்கும் விமானிகளை இது எவ்வளவோ குழப்பியிருக்கிறது. சரி, அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று சொல்ல முடியுமா? முடியாது. புள்ளிக்கு அளவு கிடையாது. அளவு தெரியாமல் தூரம் தெரியாது.

இப்போது அதன் மேல் இந்த வளையத்தை வைக்கிறேன். அதே எல்.இ.டி.தான், ஒளி வளையத்தின் விளிம்பில் பரவியிருக்கிறது. சாய்த்தால் நீள்வட்டம். அருகே கொண்டுவந்தால் பெரிதாகிறது. தூரம், சாய்வு, வேகம் மூன்றையும் கண் தானாகவே படித்துவிடுகிறது. விளக்கைப் போடுங்கள், நன்றி.

இதனால்தான் நடுவில் ஒற்றை விளக்கு வைத்த பறக்கும் தட்டு முகத்தில் வந்து இடிக்கிறது, விளிம்பு ஒளிரும் தட்டு கைக்குள் வந்து உட்காருகிறது. நைட் ஐஸ் என்ற அமெரிக்க நிறுவனம் விற்கும் ஃபிளாஷ்ஃபிளைட் தட்டைப் பாருங்கள். எல்.இ.டி.யும் பேட்டரியும் நடுவில் இருக்கின்றன. அங்கிருந்து ஒளியிழைகள் ஆரம்போல விளிம்பை நோக்கி ஓடுகின்றன. ஏன் விளிம்பிலேயே விளக்கு வைக்கவில்லை? தட்டு நிலையாகப் பறப்பது சுழற்சியால். விளிம்பில் ஓரிடத்தில் பேட்டரியின் எடை ஏறினால் தட்டு தள்ளாடும். ஒளிக்கு எடை இல்லை, பேட்டரிக்கு உண்டு. எடையை நடுவில் நிறுத்திவிட்டு ஒளியை மட்டும் விளிம்புக்கு அனுப்பியிருக்கிறார்கள். அல்டிமேட் ஆட்டத்துக்கான வழக்கமான தட்டு 175 கிராம், இது 185 கிராம். பத்து கிராமில் முடித்துவிட்டார்கள். இந்தத் துறையில் நான் மிகவும் மதிக்கும் வேலை இது.

தட்டைப் பற்றிப் பேசும்போதே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எல்.இ.டி.யை மங்கலாக்க மலிவான வழி, அதை வேகமாக அணைத்து அணைத்து எரியவிடுவது. நொடிக்கு 100 முறை அப்படிச் செய்தால் மேசை விளக்கில் பெரும்பாலோருக்குத் தெரியாது. நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில் பறக்கும் பொருளில் தெரியும். ஒவ்வொரு 15 சென்டிமீட்டருக்கும் ஒரு பொட்டு என்று வானத்தில் புள்ளிக்கோலம் விழும். அழகாகத்தான் இருக்கும், பிடிக்கத்தான் முடியாது. துடிப்பை நொடிக்கு ஆயிரங்களில் வையுங்கள், இல்லையேல் மின்னோட்டத்தையே குறையுங்கள்.

சரி, ஒளி எங்கிருந்து வருகிறது? இருட்டில் தானாக ஒளிரும் பொருள்மேல் மனிதனுக்கு எப்போதும் மயக்கம் உண்டு. 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியின் போலோன்யாவில் வின்சென்சோ காஷியரோலோ என்ற செருப்புத் தைப்பவர் தங்கம் செய்யும் ஆசையில் ஒரு கல்லைக் கரியோடு சுட்டார். தங்கம் வரவில்லை. வெயிலில் வைத்து எடுத்தால் இருட்டில் ஒளிரும் கல் வந்தது. ஐரோப்பிய அறிஞர்கள் அதை வைத்துக்கொண்டு வெகுகாலம் வாதாடினார்கள். பிறகு ரேடியம் வந்தது. ரேடியம் கலந்த வண்ணத்தைக் கடிகார முகப்பில் தீட்டிய அமெரிக்கப் பெண் தொழிலாளர்கள் தூரிகை முனையை உதட்டில் வைத்துக் கூராக்கினார்கள். அப்படித்தான் அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கப்பட்டது. பலர் தாடை எலும்பு அழுகி இறந்தார்கள். நியூ ஜெர்சியில் ஐந்து பெண்கள் தொடுத்த வழக்கு 1928-இல் சமரசத்தில் முடிந்தது. ஒளிரும் பொருளைப் பிறர் கையில் கொடுக்கிற எவரும் இந்தக் கதையைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

அதற்குப் பின் வந்த செம்பு கலந்த துத்தநாக சல்ஃபைடு ஆபத்தில்லாதது, ஆனால் சீக்கிரம் மங்கிவிடும். நம் சிறுவயதில் சுவரில் ஒட்டிய நட்சத்திரங்கள் அந்த வகை. 1993-இல் ஜப்பானின் நெமோட்டோ நிறுவனத்தார் ஸ்ட்ரான்சியம் அலுமினேட்டில் யூரோப்பியம், டிஸ்ப்ரோசியம் என்ற இரண்டு அருமண் தனிமங்களைச் சிறிதளவு சேர்த்து, பழையதைவிடப் பலமடங்கு பிரகாசமாக, இரவு முழுக்க நின்று ஒளிரும் பொருளைக் கண்டார்கள். யூரோப்பியம் ஒளியை விடுகிறது, டிஸ்ப்ரோசியம் ஆற்றலைப் பிடித்துவைத்து மெல்ல மெல்ல விடுவிக்கிறது. வருவது ஏறக்குறைய 520 நானோமீட்டர் பச்சை. குச்சி செல்களுக்குப் பிடித்த 507-க்குப் பக்கத்து வீடு. எல்லைக்கோட்டுக்கு இதைவிடப் பொருத்தமானது வேறில்லை.

ஆனால் இந்தத் தூள் பிகு செய்யும். ஈரம் பட்டால் சிதையும், மேல்பூச்சு உள்ள ரகம்தான் புல்வெளிக்கு உதவும். மிகவும் கடினமான தூள் என்பதால் வார்ப்பு இயந்திரத்தின் திருகை அரித்து, அந்த இரும்புத் துகளே கலந்து பொருளைச் சாம்பல் நிறமாக்கும். வெள்ளை நிறமி சேர்த்தால் ஒளி உள்ளேயே அடங்கிவிடும். வெயிலில் பிளாஸ்டிக் நொறுங்காமல் இருக்கச் சேர்க்கும் புற ஊதாத் தடுப்பான், தூள் ஆற்றல் ஏற்றிக்கொள்ள வேண்டிய கதிரையே தடுத்துவிடும். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கில் கலந்து, பின்னால் மட்டும் வெள்ளை அடிப்பதே சரி. வெளிச்சத்திலிருந்து எடுத்ததும் முதல் சில நிமிடங்களில் ஒளி மளமளவென்று இறங்கும், பிறகு மணிக்கணக்கில் மெதுவாக. அது இறங்க இறங்கக் கண்ணும் இருட்டுக்குப் பழகிக்கொண்டே வருவதால் ஆட்டக்காரருக்கு அது மங்கியதே தெரியாது. இந்தப் பொருத்தத்தை யாரும் திட்டமிடவில்லை.

ஒளிக்குச்சிகளைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். வளைத்தால் உள்ளே இருக்கும் கண்ணாடிக் குழல் உடைந்து, ஹைட்ரஜன் பெராக்சைடும் ஆக்ஸலேட் எஸ்டரும் கலந்து சாயத்தை ஒளிரவைக்கும். வெப்பம் ஏறினால் பிரகாசம் கூடும், ஆயுள் குறையும். ஜெர்மனியில் தோன்றிய ஸ்பீட்மின்டனில், இப்போது கிராஸ்மின்டன் என்கிறார்கள், பந்தின் தலையில் ஒரு குட்டி ஒளிக்குச்சியைச் செருகி இரவில் ஆடுவார்கள். ஒரே இரவு, பிறகு குப்பை. அவசரகாலத்துக்கு நல்ல பொருள். விளையாட்டுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மிச்சம் எல்.இ.டி. இதன் பெரிய எதிரி எடை. போட்டிக்கான இறகுப்பந்து 4.74 முதல் 5.50 கிராம்வரைதான் இருக்கலாம். எங்கும் கிடைக்கும் 2032 பட்டன் பேட்டரி ஒன்றே சுமார் 3 கிராம். அதைத் தக்கைக்குள் வைத்தால் அது இறகுப்பந்தே இல்லை, கல். மிகச் சிறிய பேட்டரி போட்டுச் செய்கிறார்கள், ஒப்பேற்றலாம். ஆனால் மங்கலில் கண்ணின் செய்தி மூளைக்குத் தாமதமாகத்தான் போய்ச் சேருகிறது, வேகமான ஆட்டத்தில் அந்தத் தாமதம் வலிக்கும். இருட்டுக்கு ஏற்றவை நிதானமான ஆட்டங்கள். இத்தாலியரின் போச்சே, பிரெஞ்சுக்காரர்களின் பெத்தாங்க், பின்லாந்தின் மோல்க்கி, அமெரிக்கரின் கார்ன்ஹோல் எல்லாம் அந்த வகை.

போச்சேப் பந்து 107 மில்லிமீட்டர் விட்டமும் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைந்த எடையும் கொண்டது. எடை பிரச்சினை தீர்ந்தது, எடை எங்கே இருக்கிறது என்ற பிரச்சினை தொடங்குகிறது. பேட்டரி மையத்திலிருந்து கொஞ்சம் விலகினாலும் பந்து வளைந்து ஓடும். ஆங்கிலேயரின் லான் பௌல்ஸில் வேண்டுமென்றே அப்படி வளைய வைக்கிறார்கள், அது வேறு கதை. இன்னொன்று, போச்சேயில் பந்தோடு பந்து மோதுவதுதான் ஆட்டம். சுருள்கம்பித் தொடர்பு வைத்த பேட்டரி அந்த அடியில் ஒரு கணம் விலகும், விளக்கு அணையும், கட்டுப்பாட்டுச் சில்லு எல்லாவற்றையும் மறந்துவிட்டு முதலிலிருந்து தொடங்கும். பற்றவைத்த இணைப்பு வேண்டும், சுற்றிலும் பிசின் ஊற்றி இறுக்க வேண்டும். இரவுப் புல்லில் பனி இறங்கும் என்பதையும் மறக்கக்கூடாது. மின்னேற்றத் துளையே இல்லாமல், தொடாமலே மின்னேற்றும் முறைதான் பந்துக்கு நல்லது.

இரு அணிப் பந்துகளைப் பிரித்துக் காட்டச் சிவப்பும் பச்சையும் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறக்குறைய 12 பேருக்கு ஒருவர் அந்த இரண்டு நிறங்களைப் பிரித்தறியத் தடுமாறுபவர். ஓர் அணிக்கு முழுதும் ஒளிரும் பந்து, மற்ற அணிக்கு நடுவில் கறுப்புப் பட்டை ஓடும் பந்து என்று கொடுங்கள். நிறமே தெரியாதவரும் ஆடலாம். அந்தப் பட்டை உருளும்போது சுழற்சியையும் காட்டும்.

இருட்டை உபயோகிப்பது எப்படி என்பதற்கு எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு கார்ன்ஹோல். 4 அடி நீளம், 2 அடி அகலப் பலகை, அதில் 6 அங்குலத் துளை. 27 அடி தள்ளி நின்று ஏறக்குறைய 450 கிராம் எடையுள்ள பையை வீச வேண்டும். பைக்குள் விளக்கு வைத்தால் அதன் நெகிழ்வு போய்விடும். ஆகவே நல்ல வடிவமைப்பில் பையைத் தொடுவதே இல்லை. துளையின் உள்விளிம்பில் கீழ்நோக்கி ஒரு விளக்கு வளையம், பலகையின் ஓரத்தில் ஒரு மெல்லிய கோடு. விளக்கு எங்கே இருக்கிறது என்று ஆட்டக்காரருக்குத் தெரியாது, அதனால் கண் கூசாது. பலகையில் கிடக்கும் பை, ஒளிக்கு முன்னால் கறுப்பு நிழலாகத் தெரியும். கறுப்பே தகவல். ஐ.பி.எல். பார்க்கும் உங்களுக்கு ஒளிரும் பெயில்ஸ் தெரியுமே, ஆஸ்திரேலியாவின் ப்ராண்டே எக்கர்மன் கண்டுபிடித்தது. அது ஆட்டம் முழுக்க அணைந்தே கிடக்கும், விழும் கணத்தில் மட்டும் எரியும். அணைந்திருப்பதால்தான் எரிவதற்கு மதிப்பு.

பாதுகாப்பைப் பற்றி, சுருக்கமாக, ஆனால் அழுத்தமாக. பட்டன் பேட்டரியைக் குழந்தை விழுங்கினால் அது உணவுக்குழாயில் சிக்கி, ஈரத்தில் மின்னோட்டம் ஓடி, காரம் உண்டாகி, இரண்டு மணி நேரத்துக்குள் திசுவை எரித்துவிடும். அமெரிக்காவில் ஒன்றரை வயதுக் குழந்தை ஒன்று இறந்த பிறகு 2022 ஆகஸ்டில் ரீஸ் சட்டம் வந்தது. பேட்டரிப் பெட்டி குழந்தை கையால் திறக்க முடியாததாக இருக்க வேண்டும் என்கிறது. இந்தியாவில் 14 வயதுக்குட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் தரச்சான்று கட்டாயம், மின்பொம்மைகளுக்கான தரம் ஐ.எஸ். 15644. எங்கள் பொருள் பொம்மை இல்லை, விளையாட்டுக் கருவி என்று நழுவப் பார்க்கும் உற்பத்தியாளர்கள் உண்டு. நழுவாதீர்கள். அதேபோல், கூர்முனை இரும்பு ஈட்டியைப் புல்லில் எறியும் லான் டார்ட்ஸ் ஆட்டத்தை, குழந்தைகள் இறந்ததால், அமெரிக்கா 1988 டிசம்பரில் தடைசெய்தது. பகலிலேயே கொன்ற பொருள் அது. இருட்டில் எறியப்படும் எதுவும் மழுங்கியும் மெத்தென்றும் இருக்கட்டும். ஆட்டக்காரர் மணிக்கட்டிலும் ஒரு மங்கலான பட்டை வேண்டும், பந்தைப் பார்த்து ஓடும் இருவர் ஒருவரையொருவர் பார்க்க மாட்டார்கள்.

புல்வெளி நமக்கு மட்டும் சொந்தமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்கக் கோடைப் புல்வெளியில் மின்மினி ஆண் பறந்தபடி மின்னும், புல்லில் உட்கார்ந்திருக்கும் பெண் பதிலுக்கு மின்னும். நம் ஒளி அந்த உரையாடலைக் குழப்புகிறது. ஆட்டம் முடிந்ததும் தானாக அணையும் ஏற்பாடு எல்லாக் கருவியிலும் இருக்க வேண்டும்.

கடைசியாக, வடிவமைப்பு படிக்கும் உங்களுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் படித்த பெண்கள் பலருக்கும் டென்னிகாய்ட் தெரியும், வளையப்பந்து என்பார்கள். ஒரு ரப்பர் வளையம், ஒரு வலை, சின்ன இடம். இன்று நான் சொன்னவற்றோடு அதை வைத்துப் பாருங்கள். வளைய வடிவம் தூரத்தையும் சாய்வையும் தானே காட்டும். ரப்பர் மென்மையானது. எடையைச் சுற்றிலும் சமமாகப் பரப்ப இடம் இருக்கிறது. இரவு விளையாட்டுக்கென்றே பிறந்ததுபோல் இருக்கும் அந்த வளையத்தை, இருட்டில் ஒளிரும்படி ஒழுங்காகச் செய்து விற்பவரை நான் இன்னும் பார்க்கவில்லை. வலையின் மேல்விளிம்புக்கும் கோட்டுக்கும் ஸ்ட்ரான்சியம் அலுமினேட், வளையத்துக்குள் சீரான எல்.இ.டி., திறக்க முடியாத பேட்டரி. இந்த ஆண்டு செயல்திட்டத்துக்குப் பொருள் தேடிக்கொண்டிருப்பவர்கள் இதை எடுத்துக்கொள்ளுங்கள். வேலை நாள் முழுக்க வெயில் காயும் ஊரில், மாலை ஏழு மணிக்கு மேல்தான் பலருக்கு விளையாட நேரமும் உடம்பும் ஒத்துவருகின்றன.